மிம்பர் வாள்

எங்கள் பள்ளிவாசலில் ஒரு வாள் இருந்தது. பலா மரத்தில் செய்து வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்த வாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு, பாங்கு சொல்கிற மோதினார் அதைக் கையில் பிடித்து நின்று ஓதுவார். ஓதி முடித்ததும் கதீபிடம் நீட்டுவார். கதீப் அதை வாங்கி, முனையைக் கீழே ஊன்றி, மிம்பர் மேடையின் படியில் ஏறிப் பிரசங்கம் செய்வார். அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு கோழியைக்கூட அது அறுத்ததில்லை. படியில் ஊன்றும்போது 'டொக்' என்று விழுகிற சத்தம் ஒலிபெருக்கி வழியாக எங்கள் குசினி வரை கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் நான் கறியை இறக்குவேன்.

என் கணவர் ஹில்மிதான் மோதினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். கடைக்காரன் மிச்சக் காசைக் கூடுதலாகத் தந்துவிட்டால் அந்த வெயிலில் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். நான் அப்படியில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். இரண்டு பேரும் அவரைப்போல இருந்திருந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

முன்பு அங்கே நேரான ஒரு கம்புதான் இருந்தது. நம்பிக்கையாளர் சபைத் தலைவர் சாஹுல் ஹமீது ஹாஜியாருக்கு அது போதவில்லை. பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, அதில் போட்டிருந்த அரபு வாளைக் காட்டி, "இப்பிடி வளைஞ்சாப்போல ஒண்டு செய்யணும்" என்றார். கண்டியில் தளபாடம் செய்கிற தச்சர் செல்லச்சாமி பாஸ் அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் அதைச் செதுக்கினார். வளைவு என்றால் அப்படி ஒரு வளைவு. ஹாஜியார் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வாள் என்ற சொல்லுக்கு அப்போதெல்லாம் யாரும் பயந்ததில்லை. தச்சன் மரம் அறுப்பதும் வாள்தான். சிங்களத்தில் வாளுக்குக் 'கடுவ' என்பார்கள். கம்பஸ் பிள்ளைகள் இங்கிலீஷுக்கும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். அது தெரியாதவனின் தலையைச் சீவிவிடுமாம். என் மகள் ஷஹ்மா இதைச் சொன்னபோது ஹில்மி, "எனக்கிட்டயும் ஒரு கடுவ ஈக்கி, மகள். ஆனா இங்கிலீஷ்தான் வரல்ல" என்றார். வீடே சிரித்தது.

ஈஸ்டர் ஞாயிறன்று சர்ச்சுகளில் குண்டுகள் வெடித்தன. வெடிக்கவைத்தவர்களின் பெயர்கள் எங்கள் பெயர்களைப்போலவே இருந்தன. அத்தனை உயிர்கள் போயின. அன்று அழாத வீடு எங்கள் ஊரில் இல்லை. அதற்குப் பிறகு டிவியில் ஒவ்வொரு நாளும் ஒரு மேசையைக் காட்டினார்கள். மேசையில் வரிசையாக, எங்கள் ஆட்களின் வீடுகளிலும் பள்ளிகளிலும் பிடித்த வாள்கள். கடுவ, கடுவ, கடுவ என்று செய்தி வாசிப்பவர் சொல்லச் சொல்ல நான் டிவியின் சத்தத்தைக் குறைப்பேன். வாள் இருந்தால் ஒப்படைக்கச் சொன்னார்கள். வீடு வீடாக ஆமி தேடியது. பெரிய இறைச்சிக் கத்திகளை ஆட்கள் ஆற்றில் எறிந்தார்கள். என் தம்பியின் பெயர் ஸைஃபுல்லாஹ். அரபியில் ஸைஃப் என்றால் வாள் என்று எந்தப் பொலிஸ்காரனுக்குத் தெரியும்? இருந்தாலும் பஸ்ஸில் நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்த அளவுக்குப் பயந்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்து மிம்பர் வாள் எங்கள் வீட்டில் இருந்தது. நோன்பு வருவதற்கு முன்பு ஒவ்வொரு வருஷமும் ஹில்மி அதை வீட்டுக்கு எடுத்துவந்து புதுப் பெயிண்ட் அடிப்பார். அலுமாரிக்கு மேலே ஒரு சாரத் துணியில் சுற்றி வைத்திருந்தார். "கொண்டு போய்ப் பள்ளியில வைங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "மரம்தானே" என்றார் மனுஷன்.

ஒரு நாள் காலையில் அவர் பள்ளியில் இருந்தார். கீழ் ஒழுங்கையில் ஆமி இறங்கிவிட்டது என்று ஷஹ்மா ஓடிவந்து சொன்னாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிவியில் பார்த்த மேசைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. கதிரையைப் போட்டு ஏறி வாளை எடுத்தேன். முழங்காலில் வைத்து முறித்தேன். விறகோடு விறகாக அடுப்பில் திணித்து, மேலே மண்ணெண்ணெய் ஊற்றினேன். பெயிண்ட் பொங்கிப் பொங்கி எரிந்தது. அதன் மேலே சோற்றுப் பானையை வைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஆமிக்காரர்கள் வந்தார்கள், அலுமாரியைத் திறந்தார்கள், மெத்தையைத் தூக்கினார்கள், போனார்கள். 'அல்ஹம்துலில்லாஹ், தப்பினோம்' என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்திருக்கிறேன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

சோறு வடிக்க முந்தியே பொலிஸ் ஜீப் வந்தது. ஹில்மியை அதில் ஏற்றி வந்திருந்தார்கள். தொப்பி இல்லாமல், வெறுந்தலையோடு இறங்கினார். ஒரு இன்ஸ்பெக்டர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். யாரோ பேஸ்புக்கில் போட்ட படம். பள்ளிக்குள்ளே என் கணவர் வளைந்த வெள்ளி வாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். படத்தில் பார்த்தால் எனக்கே அது இரும்பாகத் தெரிந்தது.

"மே கடுவ கோ?" என்றார். இந்த வாள் எங்கே?

"அது மரம் சேர்," என்றார் ஹில்மி. "பெயிண்ட் அடிக்க ஊட்டுக்குக் கொண்டு வந்தேன். ஜஹானா, அத எடுத்துக் காட்டுங்க."

எனக்குப் பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எரித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? இரும்பை எங்கேயோ புதைத்துவிட்டு மரத்தை எரித்ததாகக் கதை விடுகிறாள் என்பார்கள். மரம் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி சாம்பலாகிவிட்டது.

"அது இங்க இல்ல, சேர்," என்றேன். "நல்லாப் பெயிண்ட் அடிச்சுத் தரச் சொல்லிக் கண்டிக்குக் குடுத்து அனுப்பிட்டேன். செய்த பாஸுக்கிட்டயே."

ஹில்மி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இன்ஸ்பெக்டர், "நாளைக்கு அதக் கொண்டு வா. அதுவரைக்கும் இவர் எங்களுக்கிட்ட" என்று தமிழில் சொல்லிவிட்டு அவரை ஜீப்பில் ஏற்றினார். அந்த வாரம் அப்படிப் போன சிலர் இன்னும் திரும்பி வரவில்லை. அது எனக்கும் தெரியும், ஜீப்பில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியும்.

ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன். "பள்ளிக்கும் அந்த வாளுக்கும் சம்பந்தம் ஒண்டும் இல்ல எண்டு நாங்க சொல்லிட்டோம், தங்கச்சி" என்றார். "பேரீச்சம்பழப் பெட்டி ஆருட? என்ட வாப்பாடயா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். திட்டுவதற்குக்கூட எனக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

அன்று பின்னேரமே கண்டிக்குப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் செல்லச்சாமி பாஸின் பட்டறை. வீடும் அதோடு ஒட்டியதுதான். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் பென்சிலைக் காதில் செருகியபடி கேட்டார். அவருடைய மனைவி பாலாம்பிகை ப்ளேன்டீ கொண்டுவந்து வைத்தார்.

"எரிச்சது தப்புத்தான்," என்றார் பாஸ். "ஆனா அந்த எடத்துல நானா இருந்தாலும் எரிச்சிருப்பேன். காலையில வாங்க தங்கச்சி. அதே பலாப்பலகையில செஞ்சு வைக்கிறேன்."

"பெயிண்ட் அடிக்காமக் குடுக்கேலாதா? மரம் எண்டு பாத்த ஒடனே விளங்கணும்."

"அடிக்காம குடுத்தா போட்டோவுல இருக்கறது இது இல்லேன்னு சொல்லுவாங்க. அசல் மாதிரி இருந்தாத்தான் உங்க வீட்டுக்காரரு வெளிய வருவாரு."

மரம்தான் என்று காட்ட வேண்டும். அதற்கு அது இரும்புபோல மின்ன வேண்டும். இப்படி ஒரு கூத்து உலகத்தில் எங்கேயாவது நடக்குமா?

வீட்டுக்குத் திரும்பி, மறுநாள் விடியக் காலையில் மறுபடி வந்து பார்த்தபோது வாள் ஆணியில் தொங்கியது. மழைக் குளிர். பெயிண்ட் சரியாகக் காயவில்லை. அபாயா போட்ட ஒரு பொம்பிளை, இந்த நேரத்தில், கண்டி டவுனிலிருந்து, இதை எப்படிக் கொண்டு போவது? குட்செட் பஸ் நிலையத்தில் ஆமி நிற்கிறது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குகிறார்கள். துணியில் சுற்றினாலும் அந்த வளைவு மறையாது. பையில் போட்டால் பிடி வெளியே நிற்கும்.

பாலாம்பிகை உள்ளே போய் மஞ்சள் துணி ஒன்றையும் வேப்பிலையையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் எடுத்து வந்தார். வேப்பிலையை வாள்மேல் பரப்பி, துணியைச் சுற்றி, முனையில் பழத்தைக் குத்தினார். நெற்றியில் குங்குமத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டார்.

"நீங்க எனக்குப் பின்னால வாங்க தங்கச்சி. எங்கூடப் பேச வேணாம், என்னையப் பாக்கவும் வேணாம். எங்க தோட்டத்து முனியாண்டி கையில இருக்கறதும் இந்த மாதிரி வளைஞ்சதுதான். என் கையில இருந்தா இது சாமி வாளு."

"ஒங்களுக்கு ஏதும் வந்திட்டா?"

"எனக்கென்ன வரப்போகுது," என்றார். வாசலில் நின்று குங்குமத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டார்.

பஸ்ஸில் அவர் முன் சீட்டில், நான் பின்னால். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் உடுப்பைப் பார்த்துவிட்டு எழுந்து போய் நின்றுகொண்டாள். கோபம் வந்தது. ஆனால் அந்த நேரம் கோபத்துக்குக்கூட எனக்குப் பயமாக இருந்தது. ஓதத் தெரிந்த எல்லாவற்றையும் ஓதினேன். பாதியில் மறந்து மறந்து திரும்பத் தொடங்கினேன்.

பாலத்தில் இறக்கினார்கள். ஒரு ஆமிப் பையன் பாலாம்பிகையின் கையிலிருந்ததைத் தொட்டான். துணியை விலக்கினான். வெள்ளி மின்னியது.

"கோவிலட்ட, மஹத்தயா," என்றார் அவர். கோயிலுக்கு.

அவன் குங்குமத்தைப் பார்த்தான், வேப்பிலையைப் பார்த்தான். தானே துணியை மெதுவாக மூடினான். போகச் சொன்னான். பிறகு என்னிடம் வந்தான். என் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினான். நூல்கட்டை, பெனடோல், பேரீச்சம்பழப் பொட்டலம். பழங்களை ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பார்த்தான். வாள் அங்கே போகிறது, இவன் இங்கே பேரீச்சம்பழத்தைப் பிதுக்குகிறான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் கீழே குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினேன்.

அலவத்துகொட பக்கம், எங்கள் சந்தியில் இறங்கினோம். பொலிஸ் வாசல் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு கடையின் பின்பக்கத்தில் பாலாம்பிகை வேப்பிலையையும் துணியையும் அவிழ்த்தார்.

"இதுக்கு மேல நான் வந்தா காரியம் கெட்டுரும். கோயில் வாளு பொலிசுக்கு எதுக்குன்னு கேப்பான்." வாளை என் கையில் வைத்து, என் விரல்களை அதைச் சுற்றி மடித்தார். "போங்க. அவரு காத்துக்கிட்டு இருப்பாரு."

அவர் எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நான் அந்த ரோட்டில் வாளோடு நின்றேன். மூடினால் ஒளிக்கிறாள் என்பார்கள். திறந்து பிடித்தால் வெட்ட வருகிறாள் என்பார்கள். இவ்வளவு நேரம் சாமியாக இருந்தது இப்போது என் கையில் என்னவாகிவிட்டது? கடைசியில் முக்காட்டின் தொங்கலால் பாதியை மூடிக்கொண்டு நடந்தேன். இரண்டு கடைகளின் கதவு என்னைக் கண்டதும் சாத்தப்பட்டது. இரண்டும் எங்கள் ஆட்களின் கடைகள்.

வாசலில் நின்ற காவல்காரன் முதலில் என்னைச் சாதாரணமாகத்தான் பார்த்தான். காற்றில் தொங்கல் விலகியது. "கடுவக்!" என்று அலறித் துவக்கைத் தூக்கி என்னைக் குறிபார்த்தான். உள்ளேயிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். துவக்கின் வாயை அவ்வளவு நேராக நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மரம் என்று கத்த நினைத்தேன். சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. மௌத்தாகப் போகிறேன், ஷஹ்மா தனியாக நிற்பாள் என்று மட்டும் நினைத்தேன். கைவிரல்கள் தானாகக் கழன்றன.

வாள் சிமெந்துத் தரையில் விழுந்தது. டொக்.

வெள்ளிக்கிழமைச் சத்தம். காவல்காரன் துவக்கை உயர்த்தியபடியே தரையைப் பார்த்தான். இன்னொருவன் காலால் அதைத் தட்டிப் பார்த்தான். மறுபடியும் டொக். "லீ," என்றான். மரம்.

இன்ஸ்பெக்டர் வாளை மேசையில் வைத்து, போன் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். நகத்தால் சுரண்டினார். மஞ்சள் பலா தெரிந்தது. ஆனாலும் அவருக்குச் சந்தேகம் போகவில்லை. ஹில்மியைக் கூட்டிவரச் சொன்னார். ஒரு இரவில் ஒரு மனிதன் இவ்வளவு சுருங்க முடியுமா? அதே சட்டை, அவர் உடம்பில் பெரிதாகத் தொங்கியது.

"படத்தில இருக்கிறது இதுதானா? நல்லாப் பாத்துச் சொல்லு."

ஹில்மி வாளைக் கையில் எடுத்தார். எடுத்த உடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. வருஷக்கணக்காக வெள்ளிக்கிழமை தவறாமல் பிடித்த கை அல்லவா? பிடியைத் தடவினார். என்னைப் பார்த்தார். இந்த மனுஷன் உண்மையைச் சொல்லப்போகிறார், இப்போதே சொல்லப்போகிறார் என்று பயந்தேன். யா அல்லாஹ், ஒரே ஒரு தடவை இவரைப் பொய் சொல்ல வை என்று கேட்டேன். அப்படி ஒரு துஆவை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை. நிமிர்ந்து நின்றார். வாளின் முனையைக் கீழே ஊன்றி, வலக்கையால் பிடியைப் பிடித்து, ஜும்ஆவில் ஓதுவதை ஓதத் தொடங்கினார். முதலில் குரல் உடைந்தது. பிறகு தெளிந்து, அந்தப் பொலிஸ் அறை முழுவதும் நிறைந்தது. டைப் அடித்தவன் நிறுத்தினான். ஓதி முடித்ததும், கதீபிடம் நீட்டுவதுபோல, இரண்டு கையாலும் வாளை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். இன்ஸ்பெக்டர் என்ன நினைத்தாரோ, எழுந்து நின்று அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். காயாத வெள்ளிப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. லேஞ்சியால் துடைத்தார்.

"பெயிண்ட் அடிக்கத்தான் குடுத்திருக்கு," என்றார் பக்கத்தில் நின்றவரிடம். பிறகு எங்களிடம், "போங்க. இதையும் கொண்டு போங்க. எனக்கு இது வேணாம்."

"சேர், இத நீங்களே வெச்சிக்கோங்க," என்றேன். கெஞ்சித்தான் கேட்டேன்.

"இங்க வெச்சா நான் ஏதாவது எழுதணும். கொண்டு போ, அம்மே."

வெளியே வந்தோம். த்ரீவீலர்காரன் வாளைப் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்றான். எங்கள் ஊர்ப் பையன்தான். நடந்தோம். ஹில்மிக்குக் கால் நிற்கவில்லை. வாளை ஊன்றி ஊன்றி நடந்தார். நான் ரோட்டுப் பக்கமாக நடந்து என் உடுப்பால் அதை மறைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டார். "இது எங்கட வாள் இல்ல. அது எங்க?"

"அடுப்புல."

அவர் அடுப்பைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இதையும் அங்கயே வைங்க," என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏலாது. உசிரக் கையில புடிச்சிட்டுக் கொண்டு வந்தீக்கி. ஒங்களக் கொண்டு வந்து தந்தது இதுதான். பள்ளியில கொண்டு போய் வைங்க. ஹாஜியார்ட மூஞ்சிக்கு நேரே வைங்க. வெள்ளிக்கிழம இதப் புடிச்சிட்டு நில்லுங்க. எங்கட கம்பு இது, கடுவ இல்ல எண்டு எல்லாருக்கும் வெளங்கட்டும். நாங்க என்ன களவெடுத்தா வெச்சிருக்கோம்?"

"ஜஹானா—"

"இனி நான் பயப்பிட மாட்டன். போதும்."

சொல்லி வாய் மூடவில்லை. கீழ் ஒழுங்கையில் ஒரு ஜீப்பின் சத்தம் கேட்டது. ஏறி வந்தது. எங்கள் வாசல் பக்கம் வந்ததும் மெதுவானது. ஷஹ்மா உள்ளறையிலிருந்து "உம்மா" என்றாள். ஹில்மி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. என் முழங்கால் தானாக உயர்ந்தது, கைகள் தானாக அதை முறித்தன. செல்லச்சாமி பாஸ் இழைத்த அந்தப் புதுப் பலாவை அடுப்பில் திணித்து மண்ணெண்ணெயை ஊற்றினேன்.

ஜீப் நிற்காமல் மேலே போய்விட்டது. வேறு யாருடைய வீட்டுக்கோ.

பெயிண்ட் பொங்கி எரிவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த வெள்ளிக்கிழமை குசினியில் நின்று கேட்டேன். அவர் ஓதினார். பிறகு ஒலிபெருக்கியில் 'டொக்' வரும் இடத்தில் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு பிரசங்கம் தொடங்கியது. கறி அடிப்பிடித்துவிட்டது.